கொஞ்சும் கிளியா, கூட இருக்கும் கிளியா? வாங்கும் முன் குணம் பார்ப்பது எப்படி

"எந்தக் கிளி நன்றாகக் கொஞ்சும்?" என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் கிளியை நினைத்துக் கேட்பதில்லை, நாயை நினைத்துக் கேட்கிறார்கள். மடியில் வந்து படுக்க வேண்டும், முதுகைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், யார் தூக்கினாலும் சும்மா இருக்க வேண்டும். நாய் பல்லாயிரம் வருடமாக மனிதனோடு ஒட்டிப் பழகிய பிராணி. கிளி கூண்டிலேயே பொரிந்ததாக இருந்தாலும் அதன் பாட்டன் பூட்டன் காட்டில் பறந்தவர்கள். அதன் கணக்கில் நீங்கள் கூட்டத்தில் இன்னொரு பறவை, அவ்வளவுதான். கூட்டத்துப் பறவையிடம் எப்படிப் பாசம் காட்டுமோ அப்படியே உங்களிடமும் காட்டும். சில இனங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, இறகைக் கோதிவிட்டபடியே பொழுதைக் கழிக்கும். சில இனங்களுக்கு ஒரே கிளையில் அரை முழம் தள்ளி உட்கார்ந்தாலே அது பெரிய நெருக்கம். இது தெரியாமல் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, "இதற்கு என் மேல் பாசமே இல்லை" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

எனவே இனத்தின் பெயரைத் தேடுவதற்கு முன்னால், நாள் முழுக்க வேலை முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பறவை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். கழுத்தைச் சொறியச் சொல்லித் தலையைக் குனிய வேண்டுமா? பக்கத்தில் சும்மா இருந்தால் போதுமா? பேச வேண்டுமா? இல்லை, உருண்டு புரண்டு உங்களைச் சிரிக்கவைக்க வேண்டுமா? எல்லாமே வேண்டும் என்பீர்கள், தெரியும். முதலில் எது என்று மட்டும் முடிவு செய்யுங்கள், மிச்சம் கிடைத்தால் லாபம்.

தொட்டுக் கொஞ்ச வேண்டும் என்பவர்களுக்கு எல்லோரும் முதலில் காட்டுவது காக்கட்டூவை. வெள்ளை உடம்பு, விரியும் கொண்டை, மார்போடு அணைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வீடியோவில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஒட்டுதலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. காட்டில் அது இணையோடு நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்கும் பறவை. வீட்டில் அந்த இணையின் இடத்தில் உங்களை வைத்துவிட்டால், நீங்கள் எட்டு மணி நேரம் வெளியே போவதை அதனால் தாங்க முடியாது. கத்தும், அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி. கத்தியும் பலிக்கவில்லை என்றால் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும், சிலது சதையைக் கூடக் கடித்துக்கொள்ளும். பெரிய காக்கட்டூ 40 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் கிளியாகக் காக்கட்டூ வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அதே தொடுகை ஆசையைச் சின்ன அளவில் தருவது பச்சைக் கன்னக் கொன்யூர். 60 முதல் 80 கிராம்தான் எடை. சட்டைக் கழுத்து வழியாக உள்ளே புகுந்து தூங்கும், உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்கும். ஆனால் வாய்த்துடுக்கு உண்டு. கடித்துப் பார்த்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்ளும், உங்கள் காது மடலையும் சேர்த்து. அதன் சொந்தக்கார இனமான சூரியக் கொன்யூர் பாசத்தில் அதற்குச் சளைத்ததில்லை, ஆனால் சத்தம் காது கிழியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் குடியிருக்கும் வீடு என்றால் அதை மறந்துவிடுங்கள்.

இவற்றுக்கு நடுவே சாந்தமாக ஒன்று வேண்டும் என்றால் காக்டெயில். ஆஸ்திரேலியப் பறவை, 80 முதல் 100 கிராம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வாழும். அதன் கொண்டையே அதன் முகம். நேராக நின்றால் ஏதோ பார்த்து விழித்திருக்கிறது, பாதி சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது, தலையோடு ஒட்டிப் படிந்து கூடவே சீறினால் கையை எடுத்துவிடுங்கள். இவ்வளவு வெளிப்படையாக மனதைக் காட்டும் கிளி வேறு இல்லை, புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு அதுதான் காரணம். பொதுவாக ஆண் விசிலடிக்கும், பாட்டுப் பழகும், தன்னைக் காட்டிக்கொள்ளும். பெண் அமைதி, பல நேரம் தலையைக் குனிந்து சொறியச் சொல்வதும் அதுதான். பொதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள். என் வீட்டுக் காக்டெயில் இதில் எதற்கும் அடங்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடவிடாத, ஆனால் விட்டு விலகாத ரகம் தனி. கழுத்தில் வளையம் உள்ள நம் பச்சைக்கிளி வகை, அதாவது ரிங்நெக், இதற்கு நல்ல உதாரணம். தோளில் வரும், கையில் தின்னும், பேசும், ஆனால் விரலை நீட்டித் தடவப் போனால் அலகைத் திறந்து காட்டும். வளரும் பருவத்தில் சில மாதம் காரணமே இல்லாமல் சீறிப் பாய்ந்து மிரட்டும், பெரும்பாலும் வெற்று மிரட்டல். அந்தச் சமயத்தில் பயந்து கையை இழுக்கிறவர்கள்தான், 'மிரட்டினால் வேலை நடக்கும்' என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எக்லெக்டஸும் கிட்டத்தட்ட இந்தக் கூட்டம்தான். ஆண் பச்சை, பெண் சிவப்பு, ஒரு காலத்தில் இரண்டையும் வேறுவேறு இனம் என்றே நினைத்திருந்தார்கள். காட்டில் பெண் மரப்பொந்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காவல் இருக்கும், ஆண்கள் தீனி கொண்டுவந்து ஊட்டும். பொந்துக்காகச் சண்டை போட்டே பழகிய பெண், வீட்டிலும் தன் மூலையை விட்டுக்கொடுக்காது. ஆணோ ஆள் வந்தால் நகர்ந்து இடம் கொடுக்கும் சாது. குணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் கோபம் வராது, பாருங்கள். குவாக்கரும் அப்படித்தான். கிளி இனத்திலேயே குச்சி அடுக்கிக் கூட்டமாகக் கூடு கட்டும் பறவை அது, அதனால் கூண்டுக்குள் கை விட்டால் வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி பாயும். வெளியே வந்ததும் அதே பறவை தோளில் ஏறிக் கதை பேசும்.

பட்ஜியை ஏனோ யாரும் கிளியாகவே மதிப்பதில்லை. பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்குவது உண்மையில் இதைத்தான். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, குட்டை வால், தடித்த அலகு, கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, நீள வால், அநேகமாகச் சாது. பெயர் குழம்பினால் குணமும் குழம்பும், எனவே கேட்கும்போதே எது என்று தெளிவாகக் கேளுங்கள். பட்ஜி தடவ விடாது, ஆனால் பொறுமையாகப் பழகினால் விரலில் உட்கார்ந்து, உங்கள் மூக்கைப் பார்த்து நிறுத்தாமல் குசுகுசுவென்று பேசும். 1994இல் இறந்த பக் என்ற பட்ஜிக்கு 1728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. உள்ளங்கை அளவுகூட இல்லாத பறவை!

பேச்சு என்றதும் எல்லோரும் ஓடுவது ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளியிடம். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி 30 வருடம் ஆராய்ந்த அலெக்ஸ் என்ற கிளி இந்த இனம்தான். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைப் பழகி, பொருட்களின் பெயர், நிறம், வடிவம், எண்ணிக்கை என்று சொல்லி 2007இல் இறந்தது. அந்தப் புகழைக் கேட்டு வாங்குகிறவர்கள் மறப்பது, அவ்வளவு புத்தி உள்ள பறவைக்கு அவ்வளவு சலிப்பும் பயமும் உண்டு என்பதை. புது வாளியை அறையில் வைத்தால் ஒரு நாள் முழுக்க நடுங்கும் கிரேக்கள் உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரோடு மட்டும் ஒட்டும், அந்த ஒருவர் அதை வாங்கியவராகத்தான் இருப்பார் என்று நிச்சயம் இல்லை. அப்புறம், பேசும் இனம் என்பதற்காக உங்கள் கிளி பேசியே தீரும் என்றும் இல்லை. பேச்சுக்காக மட்டும் வாங்கி வருடக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இலவு காத்த கிளியின் கதைதான், என்ன, இங்கே காத்திருப்பது நாம். காட்டில் பிடித்து விற்றே அழியும் நிலைக்கு வந்ததால், 2017 முதல் சர்வதேச வணிகத்தில் இதற்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. பிறப்புச் சான்று, உரிமம் இல்லாத கிரேயைத் தொடாதீர்கள். எந்தக் கிளியானாலும் சரி, உங்கள் நாட்டுச் சட்டம் அதை வளர்க்க விடுகிறதா என்று முதலில் பாருங்கள், சொந்த மண்ணின் கிளிகளை வீட்டில் வைப்பதே குற்றமாக இருக்கும் நாடுகள் உண்டு.

அமேசான் கிளிக்குப் பாட்டும் கூத்தும் பிடிக்கும், கூட்டம் இருந்தால் இன்னும் குஷி. ஆனால் குஷி தலைக்கேறும்போதுதான் கடிக்கும். ஆரஞ்சு நிறக் கண்ணில் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும், வால் விசிறியாகும், கழுத்து இறகு எழும். அதைப் பார்த்து "ஆஹா, என்ன உற்சாகம்" என்று கையை நீட்டாதீர்கள். மஞ்சள் பிடரி, இரட்டை மஞ்சள் தலை, நீல நெற்றி, இந்த மூன்று அமேசான்களின் ஆண்களைச் சூடான பேர்வழிகள் என்று வளர்ப்பவர்கள் தனியாகவே குறிப்பிடுவார்கள். பஞ்சவர்ணக்கிளிக்கு இடமும் நேரமும் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, பாசம் எல்லாம் பிறகு. விளையாட்டு மட்டும் போதும் என்றால் கெய்க் என்ற கிளி. குதித்துக் குதித்து நடக்கும், துணியில் முகத்தைத் தேய்த்துச் சறுக்கும், மல்லாந்து காலால் பந்து பிடிக்கும், பேச்சு சொற்பம், விளையாட்டு முற்றினால் கடியும் உண்டு.

சரி, இனம் ஓரளவுக்கு முடிவானதும் நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது: குஞ்சு. எந்த இனத்துக் குஞ்சும் ஒட்டிக்கொள்ளும். பசி, குளிர், பயம், எல்லாவற்றுக்கும் அதற்கு உங்கள் கைதான் மருந்து. அது குணம் இல்லை, வயது. சின்ன இனங்கள் ஒரு வருடத்துக்குள்ளேயும் பெரிய இனங்கள் மூன்று, நான்கு வருடத்திலும் பருவத்துக்கு வரும், அப்போதுதான் உண்மையான ஆள் வெளியே வரும். மடியில் படுத்த குஞ்சு திடீரென்று "தொடாதே" என்று சொல்லும். அதனால் தொடுகைதான் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு என் யோசனை, பருவம் தாண்டிய பறவையைத் தேடுங்கள். வேறு வீட்டில் வளர்ந்து, வளர்த்தவரால் தொடர முடியாமல் கொடுக்கப்படும் பறவைகள் நிறைய. வயது வந்த பறவை பழகாது என்பது கட்டுக்கதை. அதில் உங்களுக்குக் கிடைப்பது என்ன என்று கண்ணெதிரே தெரியும், குஞ்சில் அது தெரியவே தெரியாது. இன்னொன்று, தானாகத் தின்னத் தொடங்காத குஞ்சை, "நீங்களே ஊட்டினால் நன்றாக ஒட்டும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தீனிக் கூழின் சூடு கொஞ்சம் கூடினால் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பை வெந்துபோகும், குழாய் தவறினால் நுரையீரலுக்குள் போகும். ஒட்டுவதற்கு ஊட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது என் காக்டெயில் கதை. வாங்கப் போனபோது உள்ளங்கையில் வைத்தார்கள், அசையவே இல்லை. "பரம சாது, எடுத்துட்டுப் போங்க" என்றார் விற்றவர். நானும் என்ன ஒரு பாசம் என்று உருகிப்போய்க் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் கூண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டது. பறவை மருத்துவர் கையில் எடுத்ததுமே, மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருப்பதைக் காட்டினார், நாள்பட்ட நோய், தின்னாமல் கிடந்திருக்கிறது. ஒரு மாதம் மருந்து, தீனி என்று தேற்றினோம். தேறியதும்தான் நிஜ முகம் தெரிந்தது: கையைக் கண்டால் சீறும், விரலைக் கண்டால் கடிக்கும். சாதுவாவது ஒன்றாவது! எட்டு வருடமாகிறது, இன்றுவரை ஒரு தடவை கூடத் தலையைச் சொறிய விட்டதில்லை. ஆனால் நான் அடுத்த அறைக்குப் போனால் ஒரு குறிப்பிட்ட விசில் அடிக்கும், நான் பதிலுக்கு அடிக்கும்வரை விடாது. கூட்டத்தில் ஒன்றையொன்று தேடும் குரல் அது, 'இருக்கிறாயா?' என்பது மாதிரி. என்னிடம் அதற்குப் பாசம் இல்லை என்று இப்போது யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன்.

அதனால் பறவையை நேரில் பார்க்கும்போது அமைதியைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா, கண் பாதி மூடியிருக்கிறதா, மூக்குத் துளை ஈரமா, எச்சம் படிந்து பின்பக்கம் ஒட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நோய். சிறகு ஒட்ட வெட்டியிருந்தாலும் 'சாது' மாதிரிதான் தெரியும், பறக்க முடியாததால் வேறு வழியில்லாமல் கையில் இருக்கும்.

ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று தடவை, வேறுவேறு நேரத்தில் போங்கள். முதல் தடவை கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள், நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள், அப்படிப் பார்ப்பது இரை தேடும் பிராணிதான். பத்து நிமிடம் சும்மா இருங்கள். எந்தப் பறவை முதலில் கம்பியோரம் வருகிறது, எது கடைசி மூலைக்குப் போகிறது, எது தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே உங்களை ஓரக்கண்ணால் கவனிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது ரகம்தான் என் தேர்வு. முதலில் ஓடிவருவது சில நேரம் வம்புக்கு வருவதாகவும் இருக்கும். அடுத்து ஒரு தினைக் கதிரையோ அது வழக்கமாகத் தின்னும் எதையோ கம்பிக்கு அருகில் பிடியுங்கள். எட்டி எடுத்துவிட்டு ஓடிப்போய்த் தின்கிறதா, அங்கேயே நின்று தின்கிறதா? நின்றால் அந்த இடைவெளியில் அதற்குப் பயமில்லை என்று அர்த்தம். அப்புறம் வளர்ப்பவர் அதைக் கையில் எடுக்கும்போது கவனியுங்கள், கையை உள்ளே விட்டுப் பிடிக்கிறாரா, அதுவாக ஏறுகிறதா என்பதிலேயே அதன் பாதி வரலாறு தெரிந்துவிடும். தலை இறகைச் சிலிர்த்துக் குனிந்து காட்டினால் சொறியச் சொல்கிறது. அதே குனிவில் இறகு படிந்து, உடம்பு விறைத்து, கண் உங்கள் விரலிலேயே இருந்தால் கடிக்கப் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை தப்பாகப் படித்தால் போதும், பிறகு மறக்காது.

வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஒரு தடவை கூட்டிப்போங்கள். சில பறவைகளுக்கு ஆண் குரலே ஆகாது, சிலவற்றுக்குத் தொப்பி, கண்ணாடி. ஜோடியாக வாங்கலாமா என்று கேட்பார்கள். பறவைக்கு நல்லது, உங்களுக்குக் கொஞ்சலில் பங்கு குறையும், தினம் பல மணி நேரம் தனியாக விட வேண்டிய வீடு என்றால் அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டு ஜோடியாகவே வாங்குங்கள். யாருக்காவது இழுப்பு, ஒவ்வாமை இருந்தால் காக்கட்டூ, காக்டெயில், கிரே மூன்றையும் ஒதுக்குங்கள், அவற்றின் இறகிலிருந்து மாவு மாதிரி தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் பூனை இருந்தால், கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிடாமல் முதலிலேயே யோசியுங்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும், அதையும் மாற்றிவிட்டு வாங்குங்கள்.

தொட விடும் பறவை கிடைத்துவிட்டால் தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவுவது அதன் மொழியில் இணை சேர அழைப்பது. அப்படித் தடவித் தடவி வளர்த்த பறவை பருவத்தில் தீனியைக் கக்கி உங்களுக்கு ஊட்ட வரும், பக்கத்தில் வரும் மற்றவர்களைக் கடிக்கும், இருட்டு மூலை தேடி முட்டையிட ஆரம்பிக்கும். "முன்பெல்லாம் எவ்வளவு நல்ல கிளி" என்று கைமாறிப் போகும் பறவைகளில் பல இந்தத் தடவலில் கெட்டவைதான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கையை உள்ளே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், சத்தமாக எதையாவது படியுங்கள், இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். ஏதாவது ஒரு ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது, ஒற்றைக் காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, அலகின் மேலையும் கீழையும் மெதுவாக உரசி 'கிரிக் கிரிக்' என்று ஒரு சத்தம் செய்யும். நீங்கள் அறையில் இருக்கும்போதே அது தூங்கத் தயாராகிவிட்டது. மறுநாள் விரலை நீட்டிப் பார்க்கலாம்.